சிக்னல் செயலி: அஞ்சி நிற்கும் குழுவுக்கு எவ்வளவு துணை?

ஒடுக்குமுறைக்கு ஆளாகும் எந்தக் குழுவும் முதலில் கேட்பது, "எந்த ஆப்பில் பேசினால் மாட்டிக்கொள்ள மாட்டோம்?" என்பதைத்தான். பெரும்பாலும் வரும் பதில் சிக்னல். பதில் சரியானதே. ஆனால் அதை நிறுவிய அன்றே அடுத்த கேள்வி எழுந்துவிடும். பயந்துபோய்க் கதவைத் தட்டுகிற எல்லாரையும் உள்ளே விடுவதா, நன்றாகத் தெரிந்த நாலு பேரோடு நிறுத்திக்கொள்வதா? சிக்னலில் குழு தொடங்கும்போது கண்ணில் படும் ஒவ்வொரு செட்டிங்கும் இதே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறது. செயலியை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே எடை போடுகிறோம்.

முதலில் பூட்டு. சிக்னலில் தனி உரையாடல், குழு, குரல் அழைப்பு, வீடியோ எல்லாமே இரு முனைகளுக்கு மட்டும் புரியும்படி மறைகுறியாக்கப்படுகின்றன. யாரும் எதையும் தனியாக இயக்க வேண்டியதில்லை. டெலிகிராமின் எழுத்து உரையாடல்களில் இருவர் பேசும் 'சீக்ரெட் சாட்'டுக்கு மட்டுமே இந்தக் காப்பு. அங்கே குழுச் செய்திகளுக்கு அது கிடையாது. வாட்ஸ்அப் 2016 முதல் சிக்னலின் அதே நெறிமுறையில்தான் இயங்குகிறது. ஆனால் கிளவுட் பேக்கப்புக்கு அந்தக் காப்பு தானாக வராது, நாமே இயக்க வேண்டும். குழுவில் ஒருவர் மறந்தாலும் எல்லாருடைய பேச்சும் அவர் கணக்கில் திறந்து கிடக்கும்.

சிக்னலின் சர்வரில் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2016இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காக நீதிமன்ற ஆணை அனுப்பி விவரம் கேட்டார்கள். கொடுக்க சிக்னலிடம் இருந்தவை இரண்டே: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக சர்வரோடு இணைந்த நாள். தொடர்புப் பட்டியலோ குழுப் பெயரோ செய்தியோ இல்லை. இலாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்துகிறது, நிரல் வெளிப்படையாக இருக்கிறது, விளம்பரம் இல்லை. பூட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆபத்து வாசல் வழியாகத்தான் வருகிறது. 2025 மார்ச்சில் அமெரிக்க உயர் அதிகாரிகள் இராணுவத் தாக்குதல் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சிக்னல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். மறைகுறியாக்கம் அன்றும் சரியாகவே வேலை செய்தது. அவரையும் சேர்த்துக் காப்பாற்றியது. அதற்கு முந்தைய மாதம் கூகுளின் பாதுகாப்புப் பிரிவு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ரஷ்ய அரசின் சார்பில் இயங்குவோர், குழுவில் சேர அழைப்பு என்ற பெயரில் கியூஆர் கோடு அனுப்புகிறார்கள். ஸ்கேன் செய்தால் குழுவில் சேர்வதற்குப் பதில் அவர்களுடைய கணினி உங்கள் கணக்கின் 'லிங்க்டு டிவைஸ்' ஆகிவிடும். அதன்பின் உங்களுக்கு வரும் ஒவ்வொன்றும் அவர்களுக்கும் போகும். செட்டிங்ஸில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலை வாரம் ஒருமுறையாவது பாருங்கள். அடையாளம் தெரியாததை அப்போதே நீக்குங்கள். குழு அழைப்பைக் கியூஆர் படமாகப் பகிர்வதே இல்லை என்று முடிவெடுத்தாலும் இந்த வழி முழுதாக அடைபடாது; போலி அழைப்பு லிங்க் வழியாகவும் இதைச் செய்திருக்கிறார்கள்.

ஒரே குழுவில் எல்லாரையும் போட்டு எல்லாவற்றையும் பேசுவதுதான் நாம் காணும் மிகப் பெரிய தவறு. சிக்னல் ஒரு குழுவில் 1000 பேர் வரை அனுமதிக்கிறது. அந்த ஆயிரத்தில் ஒருவருடைய போன் பறிபோனால் போதும், 1000 பேரின் பெயர்ப் பட்டியல் கையில். இதைக் கண்டு மிரண்டு, கதவையே சாத்திவிடும் குழுக்களும் உண்டு. அப்போது மிகவும் பயந்தவரும் யாரையும் தெரியாதவரும்தான் வெளியே நிற்கிறார்கள். துணை அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

எனவே இரண்டு வளையங்களாகப் பிரியுங்கள். வெளி வளையத்தில் யாரும் வரலாம். உளவாளி ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே அங்கே பேச வேண்டும். சட்ட உதவி எண், எந்தச் சாலையை மறித்திருக்கிறார்கள், யாருக்கு மருந்து தேவை, பொது அறிவிப்பு: எதிரி படித்தாலும் யாருக்கும் கேடு வராதவை மட்டும். உள் வளையம் ஆறு ஏழு பேர். ஒவ்வொருவரும் மற்றவரை நேரில் அறிந்தவர். இடம், நேரம், யார் எங்கே தங்கியிருக்கிறார் என்பவை அங்கே மட்டும். உள் வளையங்கள் பல இருக்கலாம். ஒன்றின் ஆட்களை இன்னொன்று அறியத் தேவையில்லை.

வெளி வளையத்துக்குக் குழு லிங்க்கை இயக்கி, 'அட்மின் ஒப்புதல்' என்பதையும் இயக்குங்கள். லிங்க் வைத்திருக்கிற எவருக்கும், சேரும் முன்பே குழுவின் பெயரும் படமும் உறுப்பினர் எண்ணிக்கையும் தெரியும். ஆகவே பெயர் சாதாரணமாக இருக்கட்டும். புதிதாக வருபவருக்குப் பழைய செய்திகள் தெரியாது. வெளி வளையத்துக்கு இது வசதிக்குறைவு: வருகிற ஒவ்வொருவரும் சட்ட உதவி எண்ணை மறுபடி கேட்பார்கள். முக்கியமான மூன்று வரிகளைக் குழுவின் விவரக்குறிப்பில் எழுதிவிட்டால் தீர்ந்தது, சேர்ந்த கணமே கண்ணில் படும். மறக்கக் கூடாதது ஒன்று: லிங்க் வைத்திருப்பவருக்கும் அந்த விவரக்குறிப்பு தெரியும்.

உள் வளையத்தில் லிங்க்கே வேண்டாம். 'உறுப்பினர்களைச் சேர்க்கலாம்' என்ற அனுமதி அட்மின்களுக்கு மட்டும். சேரும் ஒவ்வொருவரோடும் 'சேஃப்டி நம்பர்' என்கிற 60 இலக்க எண்ணை நேரில் ஒப்பிடுங்கள்; அதற்கென்று இருக்கும் கோடை ஸ்கேன் செய்தால் சில நொடி வேலை. பின்னால் அந்த எண் மாறியதாக உரையாடலில் அறிவிப்பு வந்தால் பதற வேண்டாம், போன் மாற்றினாலோ செயலியை மறுபடி நிறுவினாலோ மாறும். ஆனால் குரல் கேட்டு உறுதி செய்யும்வரை அவருக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

கணக்கு தொடங்க இன்றும் தொலைபேசி எண் வேண்டும். எண் அடையாள அட்டையோடு பிணைக்கப்பட்ட நாடுகளில் இது உண்மையான குறை. 2024 பிப்ரவரியில் பயனர் பெயர் வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது: எண்ணைச் சொல்லாமலே அறிமுகமாகலாம், பெயரை வேண்டும்போது மாற்றலாம். பலர் தவறவிடும் இடம் 'பிரைவசி'யில் இருக்கும் 'போன் நம்பர்' பகுதி. எண்ணை யார் பார்க்கலாம் என்பது இயல்பாகவே 'யாருமில்லை' என்று இருக்கும். எண்ணைக் கொண்டு என்னை யார் கண்டுபிடிக்கலாம் என்பது 'எல்லாரும்' என்று இருக்கும். இரண்டாவதையும் 'யாருமில்லை' ஆக்குங்கள். அப்படியும், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு அது தெரியத்தான் செய்யும்.

இனி பயம். அமெரிக்காவில் 1971இல் மீடியா என்ற ஊரின் எஃப்.பி.ஐ. அலுவலகத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ஆவணங்களில் ஒரு குறிப்பு இருந்தது. எதிர்ப்பாளர்களை அடிக்கடி விசாரித்து, ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் ஓர் ஏஜெண்ட் நிற்கிறார் என்ற எண்ணத்தை அவர்களிடையே ஏற்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். குழுவுக்குள் சந்தேகத்தைப் பரப்புவது எதிரியின் வேலைத்திட்டத்திலேயே உண்டு. யார் உளவாளி என்று குழுவில் விவாதம் தொடங்கினால் அட்மின் அதை உடனே நிறுத்திவிட்டு, தவறாக நடந்த ஒரு செயலைப் பற்றி மட்டும், சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேச வேண்டும். ஆள் யாராக இருந்தாலும் வெளி வளையத்தில் ஆபத்தான தகவல் இல்லையென்றால் அந்த விவாதத்துக்கே அவசியமில்லை.

'அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்ற செட்டிங் எச்சரிக்கை மிகுந்த அட்மின்களுக்கு மிகவும் பிடிக்கும். எப்போதும் அதைப் போட்டு வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய சோதனைகளில், அறையில் எல்லாரும் தவறான விடையைச் சொல்லும்போது தனியாள் கணிசமான தடவை அவர்களோடு ஒத்துப்போனார். உடன் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. அஞ்சி நிற்பவருக்கு வேண்டியது, தன்னைப் போலவே இன்னொருவர் இருக்கிறார் என்று கண்ணால் காண்பது. வாயடைத்த குழுவில் அது கிடைக்காது. வதந்தி வெள்ளமாக வரும் சில மணி நேரத்துக்கு மட்டும் பூட்டுங்கள், பிறகு திறந்துவிடுங்கள்.

'ரீட் ரிசீட்' இயங்கும்போது, அனுப்பியவர் செய்தி விவரத்தைத் திறந்தால் யார் படித்தார் என்று தெரியும். "படித்தும் பதில் சொல்லவில்லையே" என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் முளைக்கிறது. எல்லாரும் அணைத்துவிடுவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். மௌனமாக இருக்க ஒருவருக்கு உரிமை இருந்தால்தான் அவர் குழுவிலேயே தங்குவார்.

சிக்னலின் மிகப் பெரிய குறையும் இந்தப் பக்கமே. ஒருவர் குழுவை விட்டு விலகினால் எல்லாருக்கும் அறிவிப்பு போகிறது. வாட்ஸ்அப் 2022இலேயே விலகுவதை அட்மின்கள் மட்டும் அறியும்படி மாற்றிவிட்டது. ஒடுக்குமுறை முற்றுகிற நாளில் ஒருவர் விலகிய அறிவிப்பைப் பார்த்துப் பத்துப் பேர் விலகுவார்கள். போனவர் துரோகி ஆக்கப்படுவார். சிக்னல் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். அதுவரை, ஒதுங்க விரும்புகிறவர் குழுவை மியூட் செய்து ஆர்கைவில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் போனில் குழு இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒருவர் கைதானால் என்ன செய்வது என்பதை அவர் கைதாகும் முன்பே முடிவு செய்ய வேண்டும். உறுப்பினரை நீக்க அட்மினால் மட்டுமே முடியும். ஒரே அட்மின் இருந்து அவரே பிடிபட்டால் மற்றவர்கள் எல்லாரும் வெளியேறி வேறு குழு தொடங்க வேண்டியதுதான். எனவே மூன்று அட்மின்கள், ஒரே இடத்தில் ஒருசேர இருக்காதவர்களாக. ஒருவர் கைதான செய்தி கிடைத்தவுடன் அவரை எல்லா உள் வளையங்களிலிருந்தும் நீக்கி, வெளி வளையத்தின் லிங்க்கை ரீசெட் செய்ய வேண்டும். நீக்கினாலும் அவர் போனில் ஏற்கெனவே வந்து சேர்ந்த செய்திகள் அப்படியே இருக்கும். புதியவை மட்டுமே போகாது. இந்த நீக்கத்தைக் கைவிடுதலாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. "பிடித்தால் நீக்குவோம், வக்கீலை அனுப்புவோம், வீட்டாரைப் பார்த்துக்கொள்வோம், திரும்பி வந்ததும் நேரில் பார்த்துச் சேர்ப்போம்" என்ற நான்கையும் ஒரே மூச்சில், ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். நீக்குகிற பொறுப்பு ஒருவருக்கு, வக்கீலுக்குப் பேசுகிற பொறுப்பு இன்னொருவருக்கு. ஒருவரே இரண்டையும் செய்யப் போனால் இரண்டாவது தாமதமாகும்.

தானாக மறையும் செய்திக்கு உள் வளையத்தில் ஒரு நாள், வெளி வளையத்தில் ஒரு வாரம் பொருந்தும். பெறுபவரின் போனில் அவர் படித்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். படிக்காமல் விட்ட செய்தி, பறிமுதலான போனில் நாள் கணக்கில் காத்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், அடிபட்டவரின் புகைப்படமும் தாக்குதலின் வீடியோவும் மறைந்துபோனால் நாளை வழக்குக்கு ஆதாரம் இருக்காது. அவற்றை வாங்கிக் குழுவுக்கு வெளியே பத்திரப்படுத்த ஒருவரை நியமியுங்கள். பொதுவில் பகிரும் நகலில், செயலியின் படத் திருத்தியில் இருக்கும் மங்கலாக்கும் கருவியால் முகங்களை மறையுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

போனைப் பற்றிச் சுருக்கமாக. சிக்னலின் திரைப்பூட்டு உங்கள் போனின் பூட்டையே பயன்படுத்துகிறது. போன் திறந்தால் அதுவும் திறக்கும். நீண்ட கடவுச்சொல் வையுங்கள், கைரேகையாலும் முகத்தாலும் திறக்கும் வசதியை அணைத்துவையுங்கள், ஆபத்து நெருங்கும்போது போனையே அணைத்துவிடுங்கள். அணைத்து, மறுபடி திறக்கப்படாத போனிலிருந்து தரவை எடுப்பது மிகக் கடினம். நோட்டிபிகேஷனில் பெயரோ செய்தியோ காட்ட வேண்டாம். 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்' போட்டால், சிம்மை வேறொருவர் கைப்பற்றினாலும் உங்கள் 'பின்' (PIN) எண் இல்லாமல் உங்கள் பெயரில் நுழைய முடியாது; ஆனால் ஏழு நாள் கணக்கு செயலற்றுக் கிடந்தால் அந்தக் காப்பு காலாவதியாகும். நெடுநாள் சிறையில் இருப்பவர் கணக்கிலிருந்து திடீரென்று செய்தி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். போன் கோபுரங்களில் உங்கள் இருப்பிடம் பதிவாவதைச் சிக்னல் தடுக்காது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே இருந்தால் அதன் முன் எந்த மறைகுறியாக்கமும் உதவாது. செயலி போனில் இருப்பதே குற்றமாகப் பார்க்கப்படும் சோதனைச் சாவடி வழியில் இருந்தால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

அரசு சிக்னலையே தடுக்கலாம். ஈரான் 2021இல் தடுத்தது. ரஷ்யாவும் வெனிசுவேலாவும் 2024 ஆகஸ்டில் தடுத்தன. செயலியிலேயே ப்ராக்ஸி வசதி, அதாவது தடையைச் சுற்றிச் செல்ல இடையில் ஒரு சர்வர் வழியாக இணையும் வசதி, இருக்கிறது. வெளியில் இருக்கும் நண்பர் ஒருவர் ப்ராக்ஸி நடத்தி முகவரியை அனுப்பினால் போதும். தூரத்தில் பத்திரமாக இருப்பவர்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவிகளில் இது ஒன்று. இணையத்தையே துண்டித்தால் சிக்னல் வேலை செய்யாது. அதற்கு ஆண்ட்ராய்டில் பிரையர் என்ற செயலி உண்டு. தொலைபேசி எண் கேட்காது; இணையம் இல்லாதபோது புளூடூத், வைஃபை வழியாகப் பக்கத்துப் போனுக்குச் செய்தி கடத்தும். ஐபோனில் கிடையாது, எட்டும் தூரமும் குறைவு. உள் வளையத்தில் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், இணையம் இருக்கும்போதே பிரையரை நிறுவி, நேரில் சந்தித்து ஒருவர் போனை ஒருவர் ஸ்கேன் செய்து, இணையத்தை அணைத்துவிட்டு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். துண்டித்த பிறகு அதை இணையத்திலிருந்து பதிவிறக்க முடியாது.