ஓட்டமா, சுமை நடையா?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் உடலைத் தயார் செய்கிறார்கள். தினமும் ஓடுவதா, முதுகில் சுமையோடு மேடேறுவதா?

ஓட்டத்துக்கு நேரம் அதிகம் வேண்டாம். ஒரு ஜோடி காலணி போதும். இதயமும் நுரையீரலும் நன்றாகப் பழகும். ஆனால் சமதளச் சாலையில் ஓடிய கால், செங்குத்துச் சரிவில் 20 கிலோ பையோடு இறங்கும்போது திணறும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் படியிறங்கக்கூட முடியாமல் போவது அதனால்தான். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். காலை உடைப்பது இறக்கம்.

வளர்ந்த ஆண் எல்க் சுமார் 300 கிலோ இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 80 கிலோவைத் தாண்டலாம். பல நடையாகச் சுமந்து இறக்க வேண்டும். (சுடுவதுதான் சுலபமான வேலை!) இதற்குச் சுமை நடைதான் பழக்கும். 10 கிலோவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அவசரப்பட்டால் முழங்கால் பழிவாங்கும். மலையில்லாத ஊர்க்காரர்களுக்கு விளையாட்டரங்கின் படிகள் இருக்கின்றன.

என் ஓட்டு சுமை நடைக்கே; வாரம் இரண்டு நாள் ஓட்டம் துணைக்கு இருக்கட்டும். 3,000 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றுக்கு மட்டும் இரண்டுமே போதாது. சில நாள் முன்பே போய்த் தங்கிவிட வேண்டும்.