மெம்பர் கார்டு எதை எண்ணுகிறது: ஒரு கேசினோவின் இலவசங்களோடு இரண்டு வருடம்

இரண்டு வருடமாக ஒரே கேசினோவின் மெம்பர் கார்டு என்னிடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே கிடைக்கும் இலவசங்களை, அதாவது உள்ளே இருப்பவர்கள் 'காம்ப்' என்று சொல்வதை, எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதிதாகக் கார்டு வாங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் உட்காருவது பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில், ஆட்டத்துக்கு 100 வைப்பேன். என் மச்சான் ஸ்லாட் மெஷின் பக்கம் போவார், ஒரு அழுத்தலுக்கு 2தான். சேர்ந்துதான் போனோம், சேர்ந்துதான் திரும்பினோம். ஒரு மாதம் கழித்து அவருக்கு இரண்டு இரவு இலவச அறை என்று மெசேஜ் வந்தது. எனக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் கூப்பன். அதிலும் அந்தத் தடவை அவர் கொஞ்சம் ஜெயித்திருந்தார், நான் நன்றாகத் தோற்றிருந்தேன். எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த முறை போனபோது மெம்பர் கவுன்டரில் இருந்த ஹோஸ்ட்டிடம், அதாவது வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரிடம், நேராகவே கேட்டேன். "சார், நீங்க எவ்வளவு தோத்தீங்கன்னு நாங்க முதல்ல பார்க்கிறதில்ல. எவ்வளவு தோத்திருக்கணும்னுதான் பார்ப்போம்" என்றார். அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது.

அவர்கள் அதைத் 'தியோ' என்கிறார்கள். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு இருக்கும் சாதகம், இந்த நான்கையும் பெருக்கினால் வருவது. பிளாக்ஜாக்கில் மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வைத்தால் மணிக்கு 7000 மேசையில் புரளும். சாதகம் 1 சதவீதம் என்று போட்டால் என் தியோ மணிக்கு 70. மச்சான் மணிக்கு 600 தடவை பொத்தானை அழுத்துகிறார். ஒன்றுக்கு 2 என்றால் 1200. ஸ்லாட்டில் கேசினோ பிடித்துக்கொள்வது மெஷினுக்கு மெஷின் மாறும். 8 சதவீதம் என்றால் 96. ஆக, 2 வைத்தவர் 100 வைத்தவனைவிட அவர்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். இதில் ஒரு பங்கைத்தான், பல இடங்களில் 20 முதல் 40 சதவீதம் வரை, இலவசமாகத் திருப்பித் தருகிறார்கள். உண்மையாகவே பெரிய தொகை போய்விட்டால் ஹோஸ்ட் தன் அதிகாரத்தில் கொஞ்சம் சேர்த்துத் தரலாம். ஆனால் அடிப்படை தியோதான்.

அமெரிக்காவில் ஹாராஸ் என்ற கேசினோ நிறுவனம் இதைத்தான் பெரிய அளவில் செய்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கேரி லவ்மன் 1998ல் அங்கே நிர்வாகத்துக்கு வந்தார். கார்டில் சேர்ந்த தகவலைப் பிரித்துப் பார்த்ததில், தூக்கிச் சுமக்க வேண்டியது கோடீஸ்வர ஆட்டக்காரர்களை அல்ல, அடிக்கடி வந்து ஸ்லாட்டில் சின்னச் சின்னதாக விளையாடும் சாதாரண ஆட்கள்தான் என்று தெரிந்தது. என் மச்சான் மாதிரி ஆட்கள்.

சரி, கார்டுக்கு வருகிறேன். ஸ்லாட் பக்கம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கார்டைச் சொருகினால் ஒவ்வொரு அழுத்தலும் தானாகப் பதிவாகிறது, பாயின்ட் எவ்வளவு என்று திரையிலேயே ஓடுகிறது. மேசைப் பக்கம்தான் ஏமாற்றம். சூப்பர்வைசர் வருவார், பந்தயம் வைக்கும் வட்டத்துக்குள் இருக்கும் சிப்பை ஒரு பார்வை பார்ப்பார், டேப்லெட்டில் ஏதோ தட்டுவார், அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அந்தப் பார்வைதான் என் சராசரிப் பந்தயம். ஒரு நாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன்: 60 என்று இருந்தது. அவர் வந்த நேரத்தில் நான் பந்தயத்தைக் குறைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். மாலையில் பெரும்பாலும் 100 வைத்தவனுக்கு 60. சொன்னதும் மரியாதையாகத் திருத்தினார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கேட்காதவன் கதி? மேசையில் உட்கார்ந்ததும் கார்டை நீட்டாவிட்டால், அதுவரை ஆடியது கணக்கிலேயே வராது. முதல் நாள் எனக்கு முக்கால் மணி நேரம் அப்படிப் போனது.

இன்னொன்று, இதை யாருமே சொல்ல மாட்டார்கள். மெசேஜில் வரும் சலுகைகளை மொத்தத் தியோவை வைத்து முடிவு செய்வதில்லை, ஒரு நாள் சராசரியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். நான் இரண்டு நாள் தலா நான்கு மணி நேரம் ஆடினேன், நாளுக்கு 280. மூன்றாம் நாள் கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன், 35. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 198. அந்த அரை மணி நேரம் என் சராசரியை 280லிருந்து இறக்கிவிட்டது. அடுத்து வந்த சலுகையும் இறங்கியிருந்தது.

அறை விஷயத்திலும் ஒன்றைக் கவனிக்கவும். வாரநாளில் காலியாகக் கிடக்கும் அறையைக் கொடுப்பதில் அவர்களுக்குப் பெரிய செலவில்லை, அதனால் தாராளமாக வரும். வார இறுதிக்குக் கேட்டால் தியோ நிறைய இருக்க வேண்டும். இலவசம் வருகிறதே என்று இன்னும் இரண்டு மணி நேரம் உட்காருவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இரண்டு மணி நேரத்து 140 தியோவுக்கு, 30 சதவீதம் என்று வைத்தால், 42 மதிப்புள்ள சாப்பாடு, அவ்வளவுதான். பசித்தால் காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்விடலாம்.

ஸ்லாட் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கார்டுக்கு ஐந்தில் நான்கு தருவேன். மேசைக்கு இரண்டுதான். எழுந்து போகும்போது சராசரிப் பந்தயத்தையும் நேரத்தையும் ஒரு சீட்டில் அடித்துக் கையில் கொடுத்தால் மூன்றரை தரத் தயார். போன தடவை ஹோஸ்ட்டிடம் அதையும் சொன்னேன். குறித்துக்கொண்டார். அப்புறம், அந்தத் தடவை மூன்றாம் நாள் நான் மேசைப் பக்கமே போகவில்லை.