பழைய கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்த ஆடாசிட்டி போதுமா? என் ரிவ்யூ

தாத்தா பாடினது, ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ரிகர்சல் பண்ணது, யாரோ எப்பவோ பேசி அனுப்பின குரல், இப்படி எதுவா இருந்தாலும் சரி, கேசட்ல இருக்கறதை கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா நான் முதல்ல கை காட்டறது ஆடாசிட்டியைத்தான். காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், 2000ல வெளிவந்த சாஃப்ட்வேர் இன்னிக்கும் அப்டேட் ஆகிட்டே இருக்கு. சொந்தமா பாட்டு போடறவங்களுக்கு இதைவிட வசதியான சாஃப்ட்வேர் நிறைய இருக்கு, ஆனா நம்ம வேலை வேற, ஒரு பக்கம் முழுசையும் ஓடவிட்டு ரெக்கார்ட் பண்ணி, வெட்டி, பேர் போட்டு வெளிய எடுக்கணும், அதுக்கு இது தாராளமா போதும்.

ஆனா டேப்ல இருந்து ஒழுங்கா எடுக்காத சத்தத்தை எந்த சாஃப்ட்வேராலயும் அப்புறமா வரவழைக்க முடியாதுங்க. ஹோம் ஸ்டூடியோன்னு சொன்னதும் மைக், சுவத்துக்கு ஃபோம், பெரிய ஸ்பீக்கர்னு ஆரம்பிச்சுடறாங்க, கேசட் வேலைக்கு அதெல்லாம் தேவையே இல்ல. நல்ல டெக் (ஆம்ப்ளிஃபயரோட சேத்து வைக்கற பெரிய கேசட் பிளேயர்) ஒண்ணு, லைன் இன் (பிளேயர்ல இருந்து வர்ற சத்தத்தை வாங்கற சாக்கெட்) இருக்கற ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒண்ணு, அதாவது சத்தத்தை கம்ப்யூட்டருக்குள்ள அனுப்பற பெட்டி, ஒரு ஹெட்ஃபோன், அவ்வளவுதான். கையடக்கமா யூஎஸ்பி ஒயரோட வர்ற கேசட் பிளேயர் வாங்கலாமான்னு கேப்பீங்க, நான் வேண்டாம்னுதான் சொல்வேன், அந்த மாதிரி பலதுல மோட்டார் ஒரே வேகத்துல ஓடாது, இழுத்துப் பாடின இடமெல்லாம் நடுங்கும், ரெக்கார்ட் ஆகற சத்தத்தோட லெவலைக் குறைக்கவும் வழி இருக்காது. செகண்ட் ஹேண்ட்ல பழைய டெக் கிடைச்சா பெல்ட் நல்லா இருக்கான்னு பாத்து அதையே வாங்குங்க.

டெக் வந்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை காட்டன் பட்ல தொட்டு, டேப்பை உரசி சத்தத்தைப் படிக்கற ஹெட்டைத் துடைங்க, பழுப்பா வரும், வர்றது நிக்கற வரைக்கும் துடைக்கணும். அப்புறம் அசிமத், அதாவது டேப் மேல ஹெட் நிக்கற கோணம். டேப் ரெக்கார்ட் ஆன மெஷினோட ஹெட்டும் உங்க டெக்கோட ஹெட்டும் ஒரே கோணத்துல இல்லன்னா சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தமா இருக்கும், டேப் கெட்டுப்போச்சுன்னு நிறைய பேர் தூக்கிப் போடறதே இதனாலதான். ஹெட்டுக்குப் பக்கத்துல அடியில ஸ்ப்ரிங் வச்ச ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், டேப் ஓடிட்டு இருக்கும்போதே இடது வலது ரெண்டு சேனலையும் ஒண்ணா சேத்து மோனோவாக்கி ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டே காந்தம் இல்லாத ஸ்க்ரூ டிரைவரால அதை துளித்துளியா திருப்புங்க, ஒரு இடத்துல 'ஸ'வும் 'ஷ'வும் பளிச்சுன்னு திறக்கும் பாருங்க, அங்க நிறுத்திடணும். இந்த ஒரு திருப்புல கிடைக்கற தெளிவு எந்த எஃபெக்ட் போட்டாலும் கிடைக்காது.

இனி ஆடாசிட்டி. டெக்கோட லைன் அவுட்ல இருந்து இன்டர்ஃபேஸ் லைன் இன்னுக்கு ஒயர், சாம்பிள் ரேட்டை (ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்கணும்ங்கறது) 48 கிலோஹெர்ட்ஸ்னு செட் பண்ணிக்கோங்க, கேசட்ல ரொம்ப சத்தமா இருக்கற இடம் ஆடாசிட்டி மீட்டர்ல மைனஸ் 6 டெசிபெல் பக்கத்துல நிக்கற மாதிரி லெவல் வைங்க. 24 பிட் வேவ் ஃபைலா, அதாவது சுருக்காம, எடுத்தா 90 நிமிஷ கேசட் ஒண்ணரை ஜிபி வரும், வரட்டும், அதுதான் ஒரிஜினல், அதுல கை வைக்காம தனியா காப்பி எடுத்து வச்சுட்டு இன்னொரு காப்பிலதான் வேலை பண்ணணும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது லேபிள், பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே விண்டோஸ், லினக்ஸ்ல கன்ட்ரோலும் எம்மும் அழுத்தினா அந்த இடத்துல ஒரு குறி விழும், அதுலயே பாட்டு பேரை டைப் பண்ணிடலாம், கடைசியா எக்ஸ்போர்ட் பண்ணும்போது மல்டிபிள் ஃபைல்ஸ் குடுத்தா பேரோட தனித்தனி ஃபைலா வந்துடும். 2021ல வந்த 3.0ல இருந்து ப்ராஜெக்டும் ஒரே ஃபைலா சேவ் ஆகுது, முன்னாடி ஒரு ஃபோல்டர் நிறைய துண்டு துண்டா கிடக்கும், இடம் மாத்தினா தொலையும்.

குறைன்னா இரைச்சலைக் குறைக்கற நாய்ஸ் ரிடக்ஷன்தான், அதாவது அது வேலை செய்யலன்னு இல்ல, ரொம்ப ஈசியா ஓவராப் போயிடும்ங்கறதுதான் பிரச்சனை. யாரும் பேசாத இடத்துல ரெண்டு செகண்ட் செலக்ட் பண்ணி ப்ரொஃபைல், அதாவது இரைச்சலோட சாம்பிள், எடுக்கணும், அப்புறம் மொத்தத்துக்கும் போடணும், 12 டெசிபெல்லுக்கு மேல ஏத்தினீங்கன்னா இரைச்சல் சுத்தமா போயிடும், கூடவே குரல்ல இருக்கற மூச்சும் போயிடும், தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி ஒரு களகள சத்தம் வேற ஒட்டிக்கும். அதுக்குள்ளயே ரெசிட்யூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, நிறைய பேர் தொடறதே இல்ல, அதை அழுத்தினா எதை எடுத்து வெளிய போடப் போகுதோ அதை மட்டும் கேக்க வைக்கும். அதுல பாடறவங்க குரல் லேசா கேட்டாக்கூட உடனே அளவைக் குறைங்க. நான் 6க்கு மேல போறதே அபூர்வம். கொஞ்சம் இரைச்சல் இருந்தா ரெண்டு நிமிஷத்துல காது பழகிடும், போன குரல் திரும்ப வராது.

பாட்டு ஓடிட்டு இருக்கும்போதே மாத்திப் பாக்கற ரியல்டைம் எஃபெக்ட் 2022ல வந்த 3.2ல வந்துச்சு, ஆனா நாய்ஸ் ரிடக்ஷன் அதுல சேராது, போட்டுப் பாத்து அன்டூ பண்ணித்தான் ஆகணும், அது கொஞ்சம் இழுவைதான்.

ஷேர் பண்றதுக்கு நான் சொல்றது இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற வெப்சைட். 1996ல ஆரம்பிச்சது, லாபம் பாக்காத அமைப்பு, தரம் குறையாம சுருக்கற ஃபிளாக் ஃபைலா ஏத்தினா கேக்கறவங்களுக்கு எம்.பி.3 அதுவே தயார் பண்ணிக் குடுத்துடும், யூடியூப்னா சும்மா ஆடியோ ஏத்த முடியாது, ஒரு படமாவது சேத்து வீடியோவாக்கணும். ஏத்தறதுக்கு முன்னாடி பாட்டோட உரிமையும் ரெக்கார்டிங்கோட உரிமையும் தனித்தனின்னு ஞாபகம் வச்சுக்கோங்க, கடையில வாங்கின கேசட்னா விட்டுடுங்க, வீட்டுல பேசினதுன்னா பேசினவங்களையோ அவங்க குடும்பத்தையோ கேட்டுட்டுப் போடுங்க. விவரம் எழுதற இடத்தையும் காலியா விடாதீங்க, யார் பாடறாங்க, எந்த வருஷம், கேசட் எந்த வகை, என்ன எஃபெக்ட் போட்டீங்கன்னு எழுதுங்க, கேசட் பெட்டிக்குள்ள கையால எழுதின அட்டை இருந்தா அதையும் ஸ்கேன் பண்ணி அதே பக்கத்துல சேத்துடுங்க.