ஃபிரைஸா, பூட்டீனா? பன்னிரண்டாவது நிமிடக் கணக்கு

பதினைந்து வருடமாக மோலுக்குப் போனால் நான் வாங்கியது வெறும் ஃபிரைஸ்தான். உப்பு, கொஞ்சம் வினாகிரி, அவ்வளவே. வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் பூட்டீன் சொன்னால், மொறுமொறுவென்று பொரித்த கிழங்கை எதற்கு இப்படிக் குழம்பில் ஊறப்போடுகிறார்கள் என்று மனதுக்குள் ஒரு சலிப்பு வரும். போன மாரியில் கட்சி மாறிவிட்டேன். வீட்டிலிருந்து நாலு பேராகப் போனால் இப்போது பூட்டீன்தான் சொல்கிறேன். என் நாக்கு மாறவில்லை. கவுண்டரிலிருந்து வாய்க்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன், அதுதான் காரணம்.

கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. பூட்டீன் என்பது பொரித்த கிழங்கு, அதன்மேல் சின்னச் சின்னச் சீஸ் கட்டிகள், அதன்மேல் கொதிக்கக் கொதிக்க மண்ணிற கிரேவி. கியூபெக் மாகாணத்துக் கிராமப்புறத்தில் 1950-களின் கடைசியில் பிறந்தது. வார்விக் என்ற சிற்றூரில் 1957-ல் ஒரு வாடிக்கையாளர் கிழங்கையும் சீஸையும் ஒரே பையில் போட்டுத் தரச் சொன்னார் என்றும், கடைக்காரர் ஃபெர்னாண்ட் லஷான்ஸ் ‘இது பெரிய குழப்படியாகப் போகும்’ என்று முணுமுணுத்தபடி கொடுத்தார் என்றும் கதை. பக்கத்து ஊரான டிரம்மண்ட்வில்லும் தனக்குத்தான் உரிமை என்கிறது. கியூபெக்கில் பெயரை ‘புட்சின்’ என்பதுபோலச் சொல்வார்கள். எங்கள் அம்மா முதன்முதலில் பெயரைக் கேட்டுவிட்டு, “என்ன, புட்டா?” என்றார். தட்டைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது, வேறு சந்தேகங்கள் வந்தன.

கியூபெக்கில் பிறந்தாலும் நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அதைப் பரப்பியதில் மோல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயோர்க் ஃபிரைஸ் என்று பெயர் வைத்திருக்கும் நிறுவனம் உண்மையில் கனடாவுடையது, மோலுக்கு மோல் கடை வைத்திருக்கிறது. மக்டொனால்ட்ஸ்கூட 2013-ல் நாடு முழுவதும் பூட்டீன் விற்கத் தொடங்கிவிட்டது. ஆக, கிடைக்குமா என்ற கேள்வியே இல்லை. ஒரே கவுண்டரில் இரண்டும் இருக்கின்றன.

விலையில் ஃபிரைஸ் மலிவு, அதில் வாதமில்லை. பூட்டீன் வரியோடு பத்து டொலரைத் தொட்டுவிடும். ஒன்ராறியோவில் சமைத்த உணவு 4 டொலருக்குள் இருந்தால் 5 வீதம்தான் வரி, தாண்டினால் 13. சின்னப் பெட்டி ஃபிரைஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த காலமும் உண்டு. இப்போது அதுவும் தாண்டிவிட்டதால் அந்தச் சலுகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உடம்புக்கு எது நல்லது என்று கேட்பவர்கள் இரண்டு கடையையும் கடந்து போய்விடலாம். சீனி வருத்தம் இருக்கிற என் மைத்துனர் அப்படித்தான் போவார், போகும்போது என் பெட்டியிலிருந்து நாலு துண்டு எடுத்துக்கொண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பொரித்த கிழங்கின் மொறுமொறுப்பு ஒரு மெல்லிய தோல். 180 பாகை எண்ணெயில் மேற்பரப்பில் இருந்த நீர் எல்லாம் ஆவியாகிப் போய், காய்ந்த ஒரு ஓடு உண்டாகிறது. உள்ளே இருக்கும் கிழங்கோ மாவாக, ஈரமாக, ஆவி நிறைந்து இருக்கிறது. எண்ணெயிலிருந்து தூக்கிய நொடியிலிருந்து அந்த ஆவி வெளியே வரப் பார்க்கும். வரும் வழியில் ஓட்டை நனைக்கும். காகிதப் பெட்டியில் குவித்துப் போட்டால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். மூடி போட்டால் இன்னும் மோசம், அது இடியப்பத்தட்டை மூடி வைத்த மாதிரித்தான். அதோடு ஒவ்வொரு துண்டும் விரல் தடிப்பு என்பதால் சூடும் வேகமாகப் போகும். சூடு போனால் உள்ளே இருக்கும் மா இறுகி, நாக்கில் மணல்போல நெருடும். ஆறிப்போன தோசையைவிட ஆறிப்போன ஃபிரைஸ் பாவம். தோசைக்காவது சம்பல் இருக்கிறது.

என் அனுபவத்தில் அதன் ஆயுள் ஐந்து நிமிடம். நன்றாக இரண்டு தரம் பொரித்த கடையென்றால் ஏழு.

இப்போது ஃபூட் கோர்ட் எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். குடும்பமாகப் போனால் ஒருவரும் ஒரே கடையில் வாங்குவதில்லை. மகள் நூடில்ஸ் வரிசையில், மனைவி சவர்மா வரிசையில், அம்மா தேநீருக்கு, நான் கிழங்குக் கடையில். இதில் எந்தச் சாப்பாடு முதலில் கைக்கு வரும்? கிழங்குதான். பொரித்துத் தயாராக இருக்கும், அள்ளிப் போட்டு நீட்டுவார்கள், ஒரு நிமிட வேலை. நான் தட்டை ஏந்திக்கொண்டு கதிரை தேடுவேன். சனிக்கிழமை பின்னேரம் நாலு கதிரை சேர்ந்தாற்போல் கிடைப்பது லேசான காரியமில்லை. சாப்பிட்டு முடித்தவர்கள் பனிக்கோட்டுகளைக் கதிரைக்கு ஒன்றாகப் போட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் எழும்பும்வரை பக்கத்தில் கௌரவமாக நிற்க வேண்டும். இடம் பிடித்த பிறகு மற்றவர்கள் வரவேண்டும். வந்த பிறகு யாராவது கை துடைக்கும் கடதாசி எடுக்கத் திரும்பிப் போவார்கள். ஆகச் சீக்கிரம் கைக்கு வருகிற சாப்பாடு, ஆகச் சீக்கிரம் கெட்டுப்போகிற சாப்பாடு, ஆகக் கூடுதல் நேரம் காத்திருக்கிற சாப்பாடு மூன்றும் ஒன்றேதான். பதினைந்து வருடமாக இது என் மூளைக்கு எட்டவில்லை.

ஜனவரியில் ஒருநாள் மகள்தான் கைபேசியில் நேரம் வைத்தாள். ஒரே கடையில் ஒரு பெட்டி ஃபிரைஸ், ஒரு பெட்டி பூட்டீன், இரண்டும் நடுத்தர அளவு. கவுண்டரை விட்டு நகர்ந்ததும் பொத்தானை அழுத்தினாள். நாலாவது நிமிடத்தில் இடம் கிடைத்தது. ஃபிரைஸ் அப்போது அருமை. ஒன்றைப் பிட்டால் சத்தம் கேட்டது, உள்ளே ஆவி பறந்தது. பூட்டீனோ அந்த நேரத்தில் கொஞ்சம் அசடு வழிந்துகொண்டிருந்தது. சீஸ் இன்னும் இளகவில்லை, கிரேவி தனியாக, கிழங்கு தனியாக. “அப்பா, ஃபிரைஸ்தான் வெண்டது” என்றாள். பொறு என்றேன்.

எட்டாவது நிமிடத்தில் மனைவி வந்தாள். பன்னிரண்டில் அம்மாவும் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். அந்தப் பன்னிரண்டாவது நிமிடத்தில் ஃபிரைஸை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தொங்கியது. சூடு இல்லை, உப்பும் எண்ணெயும் மட்டும் தெரிந்தது. பூட்டீன் பெட்டியில் முள்ளுக்கரண்டியை விட்டுக் கிளறியபோது அடியிலிருந்து ஆவி வந்தது. சீஸ் ஓரங்கள் இளகி, தூக்கினால் நூல்போல இழுபட்டது. மேலே கிரேவி படாத இரண்டு மூன்று துண்டு இன்னும் மொறுமொறுவென்றுதான் இருந்தது. அடியில் கிடந்தவை நன்றாக ஊறிப்போயிருந்தன. ஆனால் பூட்டீனில் ஊறிப்போவது குறையில்லையே. குழம்பு விட்டுக் கொத்திய கொத்துரொட்டியில் ரொட்டி மொறுமொறுப்பாக இல்லை என்று யாராவது குறை சொல்வோமா? அதைப்போலத்தான் இதுவும்.

காரணம் எளிது. கிழங்குத் துண்டுகளுக்கு இடையில் இருக்கும் காற்றிடைவெளியைக் கிரேவி நிரப்பிவிடுகிறது. தனித்தனியாக ஆறவேண்டிய ஐம்பது துண்டுகள் ஒரே கட்டியாகச் சேர்ந்து ஆறுகின்றன. தடிப்பான கிரேவி சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும், மேலே சீஸ் ஒரு போர்வை. தண்ணீராக ஓடுகிற கிரேவி என்றால் இந்தக் கணக்கு எடுபடாது. அது நேராக அடிக்குப் போய்த் தேங்கி, மேல் பாதி வெறும் ஃபிரைஸாகவும் கீழ்ப் பாதி சூப்பாகவும் கிடக்கும். அப்படி ஒன்றும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், பாதியில் எறிந்தேன்.

அதற்காகப் பூட்டீன் குறையில்லாத சாமான் என்று சொல்லவரவில்லை. மோல் பூட்டீனில் ஆகப் பெரிய ஏமாற்றம் சீஸ். பால் திரைந்து, மோர்த்தண்ணி வடிந்து, அச்சில் அமுக்குவதற்கு முன் எடுத்த கட்டிகள் இவை. அன்றைக்கே செய்ததாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் உராய்ந்து கீச்சென்று சத்தம் போடும். குளிர்ப்பெட்டிக்குள் போய் ஒருநாள் இருந்துவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும். மோலில் இருப்பதெல்லாம் குளிர்ப்பெட்டிச் சீஸ். கீச் இல்லை. போதாததற்கு, சில்லென்று எடுத்துப் போட்டால் கிரேவியின் சூட்டையும் அது குடித்துவிடும். இன்னும் சில இடங்களில் கட்டிகளுக்குப் பதிலாகத் துருவிய மொசரெல்லாவைத் தூவிவிட்டு அதையும் பூட்டீன் என்கிறார்கள். அது உருகி ஒரே பாயாக மேலே படிந்து, கரண்டி போட்டால் முழுப் பாயும் கூட வரும்.

அந்தக் கீச் சத்தத்தை நான் கேட்டது ஒரே ஒருமுறை. மொன்றியலில் இருந்து கியூபெக் நகருக்குப் போகும் 20-ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், குளிர்ப்பெட்டியில் வைக்காமல், சின்னப் பைகளில் சீஸ் கட்டி அடுக்கியிருந்தது. காருக்குள் நாலு பேரும் கடிக்க நாலு வாயிலும் கீச். அந்தப் பயணத்தில் சாப்பிட்ட பூட்டீனுக்கும் ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ மோல் பூட்டீனுக்கும் தூரத்துச் சொந்தம்தான். கியூபெக் பக்கம் நான் போனது இரண்டே தரம், ஆகவே அங்கத்தைய கடைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பேசுவது மோல் பூட்டீனைப் பற்றி மட்டும்.

மோலில் வாங்கும்போது நான் இப்போது கேட்பது இரண்டு விஷயம். சீஸில் பாதியைக் கிழங்குக்கு நடுவில் போடச் சொல்வேன், அப்போதுதான் அது கிரேவியின் சூட்டில் இளகும். கிரேவியை மேலே மட்டும் ஊற்றாமல் இரண்டு தரமாக ஊற்றச் சொல்வேன். சனம் குறைந்த நேரமென்றால் சிரித்துக்கொண்டே செய்து தருவார்கள். நீள வரிசை நிற்கும்போது கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார்கள், அதைத் தாங்கிக்கொள்ளலாம். பட்டர் சிக்கன், நார்நாராகப் பிய்த்த பன்றியிறைச்சி என்று மேலே அடுக்கும் வகைகளைச் சீண்டுவதில்லை. அங்கே கிழங்கு சோற்றுக்கு நிற்கிறது, பூட்டீன் காணாமல் போய்விடுகிறது.

எங்கள் வீடுகளில் எழும் ஒரு கேள்வியைச் சொல்லாமல் விட முடியாது. கிரேவியில் மாட்டிறைச்சிச் சாறு இருக்குமா? இருக்கலாம். கோழிச்சாறாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம், மரக்கறியில் செய்ததும் உண்டு. நிறத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கவுண்டரில் கேட்டால் பெட்டியிலோ பொதியிலோ எழுதியிருப்பதைப் பார்த்துச் சொல்வார்கள். ‘இல்லையென்று நினைக்கிறேன்’ என்று பதில் வந்தால் அதை ‘இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்வேன். அம்மா வெள்ளிக்கிழமை சைவம். அந்த நாளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஃபிரைஸ்தான். அதுவும் கிழங்கு மட்டும் பொரிக்கிற கடையில். கோழி பொரித்த எண்ணெயில் பொரித்ததென்றால் அவருக்கு அதுவும் வேண்டாம்.

ஃபிரைஸ் தெளிவாக வெல்கிற இடங்களும் இருக்கின்றன. தனியாகப் போகிறீர்கள், கதிரை தேட வேண்டாம், கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பீர்கள் என்றால் ஃபிரைஸ்தான். கோப்பையைக் கையில் பிடித்து நடந்தபடியே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பூட்டீனோடு நடக்க முடியாது. பனிக்கோட்டில் கிரேவி சிந்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கும் கையால் எடுத்துச் சாப்பிட ஃபிரைஸ் வசதி. அப்புறம் முளைவிட்ட பார்லியில் செய்யும் அந்த மோல்ட் வினாகிரி. சூட்டுக் கிழங்கில் விட்டதும் மூக்கில் ஏறும் அந்தப் புளிப்பு வாசம் பூட்டீனில் கிடைக்காது. எனக்கு இன்றைக்கும் அதில் ஒரு ஏக்கம் உண்டு.

நடுவழியாக, ஃபிரைஸ் வாங்கி கிரேவியைத் தனிக் கிண்ணத்தில் கேட்பவர்களும் உண்டு. மூன்று நாலு தரம்தான் செய்து பார்த்திருக்கிறேன். சீஸ் பிடிக்காதவர்களுக்குச் சரிவரும், காசும் குறைவு. ஆனால் மூடி போட்ட சின்னக் கிண்ணத்துக் கிரேவி மேசைக்கு வருவதற்குள் மேலே ஆடை படிந்துவிடுகிறது, கிழங்கும் அதன் வழக்கப்படி ஆறிவிடுகிறது.

ஒரு சின்ன இடைஞ்சல். பிளாஸ்ரிக் முள்ளுக்கரண்டி விற்பதற்கு 2023 டிசம்பரில் தடை வந்த பிறகு கையில் கிடைப்பது மரக்கரண்டி. குச்சி ஐஸ்கிறீமின் குச்சியை நக்குகிற உணர்வு. அதோடு இளகிய சீஸ் அதன் பல்லிடுக்கில் பிடித்துக்கொண்டு விடாது. வீட்டிலிருந்து ஒரு முள்ளுக்கரண்டி கொண்டுபோகலாம் என்று சொன்னேன். மகள் தன்னோடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு நேரம் பார்த்த இரண்டு பெட்டியில் ஃபிரைஸ் பாதி மிஞ்சியது, குப்பைக்குப் போனது. பூட்டீன் பெட்டியை அம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடியில் இரண்டு துண்டுக் கிழங்கும் கொஞ்சம் கிரேவியும் கிடந்தன. மரக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, விரலால் கிழங்கை மசித்து, கிரேவியோடு சேர்த்துக் குழைத்து வாயில் போட்டார். மகள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மா பெட்டியின் மூலையையும் ஒருதரம் வழித்துவிட்டு, “மிளகு காணாது” என்றார்.