மேஜிக் பழக முதல் சீட்டுக்கட்டு: பைசைக்கிள் ரைடர் பேக்

மேஜிக் ஆசை வந்ததும் பலரும் வாங்குவது பத்து இருபது சாமான் அடைத்த அந்தப் பெட்டியைத்தான், அதில் பாதியைப் பார்த்தவுடனேயே இது வித்தைக்காரப் பொருள் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் ஒரு பைசைக்கிள் சீட்டுக்கட்டு வாங்குங்கள், ரைடர் பேக் என்ற பின்பக்க டிசைன் உள்ளதாக. 1885 முதல் அமெரிக்காவில் வரும் சீட்டு. பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள் இருப்பதால் சீட்டுகள் ஒட்டாமல் சீராக வழுக்கும், விசிறிபோல் விரிப்பது சுலபம். பின்பக்க வெள்ளை ஓரம் வெறும் அழகுக்கு இல்லை: நடுவில் ஒரு சீட்டு திரும்பிக் கிடந்தாலும், கொஞ்சமாக விரித்தால் ஓரம் மட்டும் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆரம்பத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்று பழகும்போதுதான் புரியும்.

குறை? காகிதம்தானே. வியர்வைக் கையும் சென்னைப் புழுக்கமும் சேர்ந்தால் சீக்கிரம் உப்பி, அழுக்கேறி, சொன்ன பேச்சு கேட்காது. விலையும் சாதாரணக் கட்டைவிட அதிகம். போலிகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள். முழு பிளாஸ்டிக் சீட்டு நீடித்து உழைக்கும், சரி, ஆனால் இரண்டு சீட்டை ஒன்றாகத் தூக்கிக் காட்டும் வித்தைக்கு எனக்கு அது கையில் நிற்பதே இல்லை. ஸ்வெங்காலி மாதிரி, வித்தைக்கென்றே சீட்டுகளை மாற்றி அமைத்த தந்திரக் கட்டுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.