அடி எண்ணும் செயலியா, ஓடப் பழக்கும் செயலியா?

அடி எண்ணும் செயலிக்காக நாம் தனியே எதுவும் செய்ய வேண்டாம். போனில் உள்ள முடுக்கமானி, உடல் அசைவதை வைத்தே அடிகளைக் கணக்கிடும். ஆனால் போன் கூடவே இருக்க வேண்டும். அம்மா போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, காலை முழுக்க அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பார்; செயலியில் 312 அடிதான் ஏறியிருக்கும். அப்புறம், 10,000 அடி என்ற இலக்கு ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. எட்டாத நாளில் மனம் தளர வேண்டாம்.

ஓடிப் பழகாதவரை 5 கி.மீ. ஓட்டத்துக்குப் பழக்கும் 'கவுச் டு 5கே' செயலி வேறு மாதிரி. 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரத்தில் 5 நிமிடம் வேகநடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். ஓடிக்கொண்டிருக்கும்போது நடக்கச் சொல்லிக் காதில் குரல் வருமே, அந்த நிம்மதியே தனி! முடியவில்லையா, சரி, அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முதலாவதையே சொல்வேன். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஓட வேண்டாம். நடந்து பழகிய மற்றவர்களுக்கு என் தேர்வு இரண்டாவதுதான்: இன்று என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.