ஆங்கிலக் கூட்டுச்சொற்கள்: சேர்ப்பதா, பிரிப்பதா, கோடு போடுவதா?

எங்கள் அலுவலகக் கையேடுகளுக்கு நடைவிதி எழுதும் பொறுப்பு வந்தபோது முதல் தகராறே கூட்டுச்சொற்களில்தான். ஒரே கையேட்டில் ‘இ-மெயில்’ கோட்டோடும் ‘இமெயில்’ சேர்ந்தும் இருந்தன. ‘வெப் சைட்’ பிரிந்து நின்றது. நான் எடுத்த முடிவு இது: அகராதி சேர்த்திருந்தால் சேர்ப்போம், இல்லாவிட்டால் பிரிப்போம், கோட்டைக் கடைசிக்கு வைப்போம்.

பிரித்து எழுதுவதில் பெரிய சிக்கல் இல்லை. ‘பஸ் ஸ்டாப்’, ‘ஹை ஸ்கூல்’ எல்லாம் யாரையும் இடறுவதில்லை.

கோட்டை நான் ஒதுக்கியதற்குக் காரணம் பராமரிப்பு. ‘வெல்-நோன் ரைட்டர்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கோடு உண்டு. ‘தி ரைட்டர் இஸ் வெல் நோன்’ என்று பின்னால் போனால் வழக்கமாகக் கோடு இல்லை. யாராவது வாக்கியத்தை மாற்றிப் போட்டால் கோட்டையும் நினைவாக எடுக்க வேண்டும். ‘ஹைலி பெய்ட்’ போல ‘லி’ என முடியும் வினையடை வந்தால் முன்னாலும் கோடு கூடாது. இதைப் புதிதாகச் சேருபவர் ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும்.

அடுத்தது தேடல். ‘இமெயில்’ என்று தேடினால் கோடு போட்ட இடங்கள் சிக்காது. வேர்டில் வரி உடையாத கோடு என்று இன்னொன்று உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு அது வேறு எழுத்து. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் வரி முடிவில் நிற்கும் கோடு சொல்லுக்கே உரியதா, வரி மடங்கியதால் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டாலும் கோடு நிலைப்பதில்லை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘டு-டே’, ‘டு-மாரோ’ என்றே அச்சாகியிருக்கும். 2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு சுமார் 16,000 சொற்களில் கோட்டை நீக்கியது. ‘பம்பிள்பீ’ ஒட்டிக்கொண்டது, ‘ஐஸ் கிரீம்’ பிரிந்தது. இரண்டிலும் போனது கோடுதான். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸின் நடைக்கையேடு 2010இல் பிரிந்திருந்த ‘வெப் சைட்’டையும் 2011இல் கோடு போட்ட ‘இ-மெயி’லையும் ஒரே சொல்லாகச் சேர்த்தது. கோடு போட்டு வைத்திருந்தவர்கள் பழைய கோப்புகளையெல்லாம் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது.

சேர்த்து எழுதுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெயர்ச்சொல்லாக ‘லாகின்’ சேரும். வினையாக ‘லாக் இன்’ பிரியும். இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘லாக்டு இன்’ என்றுதான் வருகிறது, ‘லாகின்டு’ என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் பிளந்தால் அது வினை, பிரித்தே எழுத வேண்டும். ‘பேக்கப்’ போன்றவற்றுக்கும் இந்தச் சோதனை போதும். ‘எவ்ரிடே’ மட்டும் தனி வழி: சேர்ந்தால் அன்றாடத்துக்குரிய, பிரிந்தால் தினந்தோறும்.

பொருள் கெடும் இடத்தில் கோட்டைத் தயங்காமல் போடுங்கள். ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்திடச் சொல்லும் ‘ரீ-சைன்’, கோடு விடுபட்டால் ராஜினாமாவாகிவிடும். ‘ட்வென்டி-ஆட் பீப்பிள்’ என்றால் இருபது சொச்சம் பேர். கோட்டை எடுத்தால் இருபது விசித்திரமான மனிதர்கள்.

நான் திருத்துவது கையேடுகளும் அலுவலகக் கடிதங்களும்தான். கதை, கவிதையில் கை வைத்ததில்லை. அங்கே எழுதுபவரின் காதுக்கே முதல் உரிமை என்று நினைக்கிறேன்.

எந்த வழியை எடுத்தாலும் அலுவலகம் முழுவதற்கும் ஒரே அகராதி இருக்கட்டும். ‘இனி இல்லை’ என்ற பொருளில் ‘எனிமோர்’ அமெரிக்காவில் சேர்ந்தே வரும், பிரிட்டனில் பிரிந்து வருவதே மரபு. எங்கள் வாசகர்கள் அமெரிக்கர்கள் என்பதால் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியை எடுத்துக்கொண்டோம். அதில் இல்லாத சொற்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்து, புதுச்சொல் வரும்போது அன்றே சேர்த்துவிடுகிறோம்.